ஜெக்கட் பைக்குள் இரண்டு கைகள்

அவனுடைய கைகள் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றரை வருடம், கிழமைக்கு இரண்டு நாளாவது எங்கள் வாசலில் வந்து நின்றவன் அவன். நடை தெரியும், சிரிப்புத் தெரியும், இடது கால் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும் என்றுகூடத் தெரியும். கைகள் மட்டும் எப்போதும் அந்தச் சாம்பல் நிற ஜெக்கட்டின் பைகளுக்குள் இருக்கும். மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துக் குளிருக்கு இது ஒரு அதிசயம் இல்லை. இங்கே எல்லோருமே கையை ஒளித்துக்கொண்டுதான் நடக்கிறோம். ஆனால் மற்றவர்கள் வேலை என்று வந்தால் வெளியே எடுப்பார்கள்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. என்னைவிட ஆறு வயது இளையவன் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். பேசும்போது வாங்க, இருங்க என்று மரியாதையும் கொடுத்தேன். இங்கே அவன் என்று எழுதுகிறேன் என்றால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டியது ஜீப்பை. துரையிடம் இன்னொரு கார் இருந்தது. இரண்டே இரண்டு சீட், தலைக்கு மேலே துணிக்கூரை, தரையோடு தரையாக ஓடும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தோட்டத்தில் அதற்குச் சின்னக் கார் என்று பெயர். அதைத் துரை மட்டும்தான் ஓட்டுவார். கழுவித் துடைப்பது அப்பா. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் துரை தன் சீமைக்கே திரும்பிப் போனபோது சாவியை அப்பா கையில் கொடுத்து, காரின் பதிவுப் புத்தகத்திலும் அப்பாவின் பெயரை ஏற்றிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் அப்பா எந்த நாட்டுக்காரர் என்பதே முடிவாகியிருக்கவில்லை. பிரஜாவுரிமைக் கடதாசி வருவதற்குப் பல வருடங்கள் இருந்தன. இந்த நாட்டில் அவர் பெயரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்த முதல் கடதாசி அந்தக் காரின் புக்தான். அதனால் எங்கள் வீட்டில் அது பிளாஸ்டிக் பைக்குள், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் மேலே இருக்கும். கார் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு பிரேக் போனது, சாமான் கிடைக்கவில்லை, ஷெட்டுக்குள் போய் நின்றது. நான் பிறந்து வளர்ந்து டீச்சராகி, லயத்து வரிசை அறையை விட்டு ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டி வந்தபோது காரையும் பத்துப் பேர் தள்ளிக் கொண்டுவந்தார்கள். அதற்குள் அதில் கோழிகள் மூன்று தலைமுறை பார்த்துவிட்டன.

அப்பாவுக்குக் கண்ணில் பார்வை குறைய ஆரம்பித்தது. ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்தும் சரிவரவில்லை, மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா சொன்னார்.

"கண்ணு முழுசா போறதுக்குள்ள அந்த சின்னக் காருல ஒருக்கா பெரட்டுக்களம் வரைக்கும் போய்ட்டு வந்துறணும்மா."

பெரட்டுக்களம் என்றால் காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடம். எங்கள் வீட்டிலிருந்து அரைக் கட்டை, அரை மைல் தூரம்கூட இல்லை. நாற்பத்தாறு வயதில், ஸ்பேனருக்கும் குறட்டுக்கும் வித்தியாசம் தெரியாத நான், அதற்காகத்தான் கார் வேலையில் இறங்கினேன்.

முதல் நாளே என் திறமை ரோட்டுக்குத் தெரிந்துவிட்டது. கதவில் இருந்த துருவைத் துணியால் துடைத்துவிட்டு, சிவப்புப் பெயின்டை வாங்கிவந்து அதன் மேலேயே அடித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"டீச்சர், புண்ணுக்கு மேல பவுடர் போடுறீங்களே."

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தவன் அவன். மேல் ரோட்டில் தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். உள்ளே கூப்பிட்டேன். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், மோந்துகூடப் பார்த்தான். தொடவில்லை.

"வண்டி சாகல்ல டீச்சர். கீழ பலகத் தகரம், கதவுக்குக் கீழ உள்ள பெட்டி, அதுங்கதான் போயிருக்கு. செய்யலாம்."

"எவ்வளவு கேப்பீங்க தம்பி?"

"நானா? நான் செய்ய மாட்டேன். நீங்களே செய்யுங்க. நான் சொல்லித் தாறேன். ஒங்க கையால செஞ்சாத்தான் வண்டி ஒங்களோடது."

இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதுவரை நான் எதைத் தொட்டாலும் யாராவது ஒரு ஆண் "தள்ளுங்க டீச்சர்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் பல்பு மாட்டப் போனால் அதிபர் பிடுங்குவார். வீட்டில் காஸ் சிலிண்டரை மாற்றப் போனால் கொண்டுவந்த பையன் பிடுங்குவான். அப்பாவே, "பொம்பளப் புள்ள, கைய கிய வெட்டிக்குவ" என்பார். பிடுங்காத முதல் ஆம்பிளை இவன்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. வேறு அர்த்தத்தில் இல்லை. மனுஷி என்று மதிக்கிறானே என்ற அர்த்தத்தில்.

சொல்லிக்கொடுப்பதில் மன்னன். இறுகிப்போன நட்டைப் பலத்தால் திருகக்கூடாது, எண்ணெய் விட்டு ஒரு நாள் முழுக்க விடவேண்டும், பிறகு முதலில் இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தளர்த்தவேண்டும் என்பான். என்ஜின் இறுகி நின்றபோது பிளக்குகளைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டைகளில் டீசலை ஊற்றிப் பதினைந்து நாள் ஊற வைக்கச் சொன்னான். பதினாறாம் நாள் நீளமான ஸ்பேனரைப் போட்டு நான் அழுத்த, உள்ளே ஏதோ கிறீச்சென்று அசைந்தது. நான் ஷெட்டுக்குள்ளேயே குதித்தேன். அவன் ஜெக்கட் பைக்குள் இருந்தபடியே இரண்டு கைகளையும் ஆட்டினான். அதுதான் அவன் கைதட்டல்.

தேநீரைக்கூட கையில் வாங்க மாட்டான். "அந்தச் செவுத்துக் கட்டுல வச்சிருங்க டீச்சர்." ஆறிப் போனபிறகு ஒரு கை மெதுவாக வெளியே வந்து, குடித்து, திரும்ப உள்ளே போய்விடும்.

தோட்டம் முழுக்க இது தெரிந்த கதைதான். மாரியம்மன் திருவிழாவில் தேர்ச் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிச் சாய்ந்தபோது நாற்பது பேர் தோள் கொடுத்தும் அசையவில்லை. இவன் மேட்டில் நின்று, "நீங்க இந்தப் பக்கம் வாங்க, நீங்க வடத்த விடுங்க, பின்னால ஒரு கட்டைய வைங்க" என்று சொல்லச் சொல்லத் தேர் ஏறிவிட்டது. கோயில் தலைவர் இவனுக்கு மாலை போட வந்தார். மாலையை வாங்கவும் கையை எடுக்கவில்லை, கழுத்தை நீட்டினான். சாவு வீட்டிலும் அப்படித்தான். லயத்துப் படியில் பாடை திரும்பாமல் நின்றால் இவன்தான் வழி சொல்வான், தோள் கொடுப்பது வேறு யாராவது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து எடுத்துப் பென்ஷன் ஆனவள். கையால் வாழ்ந்தவளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"அந்தப் பய பையிக்குள்ள அப்புடி என்னாத்த டீச்சர் பொத்தி வச்சிருக்கான்? முட்டையா?"

நான் அவனுக்காகச் சண்டை பிடித்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வேலை மாதக்கணக்கில் நடந்தது. துருப்பிடித்த தகரத்தைச் சாக்குக் கட்டியால் கோடு போட்டு கிரைண்டரால் வெட்டுவேன். வெட்டிய துண்டுகளை உரப்பைக்குள் எறிவேன். நோர்வூட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் புதுத் தகரம் வாங்கிவந்து பொருத்துவேன். என் வெல்டிங் முதலில் கோழி எச்சம் மாதிரி இருந்தது, பிறகு பரவாயில்லை. என் இடது முழங்கைக்குக் கீழே தீப்பொறி பட்ட ஏழு புள்ளிகள் இருக்கின்றன. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒருநாள் பொனட்டைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம், மட்காட்டின் உட்தகரத்தில், எண்ணெய்ச் சேற்றுக்கு அடியில் தீப்பெட்டி அளவு தகடு ஒன்று தட்டுப்பட்டது. பக்கத்தில் தகரத்திலேயே ஏதோ எழுத்துகள் குத்தியிருந்தன.

"இது என்னா தம்பி?"

அவன் குனிந்து பார்த்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"கம்பெனிக்காரன் அடிக்கிற தகடு டீச்சர். ஆனா இந்தத் தகரம் நிக்காது, அடியில துரு. தகட்டோட சேத்தே வெட்டி எடுங்க. கோடு நேரா போடுங்க. தகட்டுல மட்டும் கிரைண்டர் படப்படாது."

அதுவரை எந்தத் துண்டை எப்படி வெட்டினாலும் அவன் கவலைப்பட்டதில்லை. இதற்கு மட்டும் மூன்று முறை கோட்டை அழித்துப் போட வைத்தான். எனக்குப் புதுப் பாடம் நடக்கிறது என்ற சந்தோஷம். சதுரமாக, பிசிறில்லாமல் வெட்டினேன். என் வாழ்க்கையில் நான் வெட்டியதிலேயே அழகான வெட்டு அது. உரப்பைக்குள் போடப் போனபோது, "வேணாம், கட்டுல வைங்க" என்றான்.

அப்போதுதான் அது நடந்தது. ஜெக்கட் பையிலிருந்து வலது கை வெளியே வந்தது. அந்தத் துண்டை எடுத்தது. நெஞ்சில் வைத்துத் துடைத்தது.

"இத நான் கொண்டுபோறேன். இதே அளவுக்குப் புதுசு வெட்டிக்கிட்டு வாறேன்."

சொன்னபடியே நாலாம் நாள் அச்சு அசலாக ஒரு புதுத் தகரம் கொண்டுவந்தான். பழையதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவன் துண்டை எடுத்துப்போன அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம், "தம்பி இன்னக்கித்தான் நம்ம வண்டியில கை வச்சிச்சுப்பா" என்று குதூகலமாகச் சொன்னேன். அப்பாவும் சிரித்தார்.

அடுத்த மாதம் புக்கைப் பற்றிப் பேச்செடுத்தான். அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு, டிரைவராக இருந்த காலத்திலிருந்தே உள்ளது. புக் இல்லாமல் வண்டியை அசைக்கக்கூடாது. தோட்டத்து ரோட்டில்கூடக் கூடாது. அது அவனுக்கும் தெரியும்.

"இத்தன வருஷம் வரி கட்டாம நின்ன வண்டி டீச்சர். இந்தப் பழைய புக்கு செல்லாது. ஐயா பேருலயே புதுசு எடுக்கணும். நுவரெலியாவுல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. நான் கொண்டுபோக மாட்டேன், ஐயாட சாமான். நீங்களே ஒங்க கையால குடுங்க."

புதுப் புக்குக்கு என்று ஒரு விண்ணப்ப ஃபோம் கொடுத்தான். அதையும் நேராகக் கையில் தரவில்லை, கட்டின் மேல் இருந்த பழைய பத்திரிகைக்குள் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னான். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. பாதி இடம் காலி. எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அரசாங்கச் சிங்களம் அதிலும் கஷ்டம். அப்பாவுக்குக் கோடு தெரியவில்லை. நான் என் சுட்டுவிரலைக் கோட்டின் மேல் வைத்தேன். அவர் என் விரலைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாகவே, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"வாசிச்சுப் பாத்தியாம்மா?"

"தம்பி பாத்துட்டாருப்பா."

சனிக்கிழமை பஸ் ஏறி நுவரெலியா போய், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த ஆளிடம் புக்கையும் ஃபோமையும் என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதத்தில் புதுப் புக் வரும் என்றார். அதன் பிறகு தம்பியின் வரவு குறைந்தது. அக்காவுக்குச் சுகமில்லை என்றான், வலப்பனையில் வேலை என்றான். நான் தனியாகவே காபரேட்டரைக் கழுவினேன், பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டேன். எல்லாம் அவன் சொன்ன முறையில்தான்.

ஏப்ரல் சீசனுக்குப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். பூக்கண்காட்சியை விட்டு வெளியே வரும்போது ரோட்டோரத்தில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் ஓடினார்கள். அங்கே ஒரு சின்னக் கார் நின்றது. எங்களுடையது மாதிரியே, ஆனால் கரும்பச்சை நிறத்தில், முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பாக. எனக்கு ஆசையாக இருந்தது, பெயின்ட் அடித்தால் நம்முடையதும் இப்படித்தானே வரும் என்று. குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். ஸ்ரீ போட்ட பழைய நம்பர். அப்பாவின் நம்பர்.

எங்கள் காரின் நம்பர் பிளேட் அந்த நேரம் வீட்டில், குசினி அலுமாரிக்கு மேலே, பழைய துணி சுற்றி இருந்தது.

அன்றே வெல்டிங் கடை நானாவிடம் போனேன். கேட்டுவிட்டு அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"டீச்சர், கார்ண்டா தகரமில்ல. அந்த நம்பர் குத்தின தகடும் புக்கும்தான் காரு. இந்த மாதிரி வண்டிய இப்ப வெளிநாட்டுல இருந்து கொண்டார ஏலாது. யாரோ களவா துண்டு துண்டா கொண்டுவந்து சேத்திருக்கானுவ. அதுக்கு ஒரு பேரு வேணும். ஒங்க அப்பாட பேர எடுத்து அதுக்கு வச்சிட்டானுவ."

"அப்ப எங்க வீட்டுல நிக்கிறது?"

அவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பொலிஸுக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். விசாரித்து வரவழைத்த அந்த ஃபோமின் பிரதியைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார், இது உங்கள் அப்பாவின் கையெழுத்துதானே என்று. ஆமாம் என்றேன். யாரும் பலவந்தப்படுத்தினார்களா என்றார். இல்லை என்றேன். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்றார். நான் என்றேன். தகடு இருந்த தகரத்தை வெட்டியது யார் என்றார். அதற்கும் நான் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. அது வண்டியை விற்றுக் கைமாற்றும் ஃபோம் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

அவனை அவன் அக்கா வீட்டு வாசலில் பிடித்தேன். பேக் கட்டி வைத்திருந்தான். அப்போதும் கைகள் உள்ளேதான்.

"ஏன் தம்பி நீ இப்புடி செஞ்ச?"

என் வாயிலிருந்து முதல்முறையாக 'நீ' வந்தது. அவன் முகம் சுருங்கவில்லை.

"நான் என்னா டீச்சர் செஞ்சேன்? வெட்டினது நீங்க. சைன் வச்சது ஐயா. கொண்டுபோய் குடுத்தது நீங்க. நான் எதையாவது தொட்டேனா?"

"ஒரு தடவ தொட்ட. நெஞ்சுல வச்சுத் தொடச்ச. நான் சந்தோசப்பட்டேன்."

அவன் கீழே பார்த்தான். பைக்குள் விரல்கள் மடங்கியது துணிக்கு வெளியே தெரிந்தது. பிறகு, "வண்டி ஓடும் டீச்சர். நல்லா செஞ்சிருக்கீங்க" என்றான். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால், மறுத்திருந்தால், காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். அவன் எனக்குக் கற்றுத்தந்தது அவ்வளவும் உண்மை. நீங்களே செய்யுங்க என்ற அந்த மரியாதைதான் களவு. பேக்கைத் தோளில் மாட்ட அவனுடைய அக்கா மகன் ஓடி வந்தான். அதற்கும் அவன் தோளை மட்டும்தான் கொடுத்தான். மரியாதை என்று நான் நம்பிய ஒன்றை இனி எவனிடம் கண்டாலும் அவன் பைகளைத்தான் பார்ப்பேன்.

கார் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டாவது தடவை சாவியைத் திருப்பியபோது இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா குலவை போட்டாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கதவைத் தடவி, சீட்டைத் தடவி, உட்கார்ந்தார். அதற்குள் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும்.

நான் கியரைப் போட்டேன்.

"புக்க எடுத்துக்கிட்டியாம்மா?"

அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே தயாராக இருந்தேன். என் பழைய பாஸ்போர்ட்டை அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வழக்கம்போல இரண்டு மடிப்பு மடித்து, அதே ரப்பரைச் சுற்றி வைத்திருந்தேன். எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இருக்குப்பா. புதுசு."

அப்பா பையை விரலால் அளந்து பார்த்தார். ஓரங்களைத் தடவினார். "எம் பேரு இருக்குல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார், நான் வண்டியை எடுத்தேன். பெரட்டுக்களம் வரை போனோம், திரும்பி வந்தோம். வழியெல்லாம் சனங்கள் கையாட்டினார்கள், அப்பாவுக்கு அது தெரியவில்லை என்பதால் நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

தம்பி அன்றைக்கு எங்கே இருந்தானோ தெரியாது. அவன் எனக்குச் செய்ததை நான் அப்பாவுக்குச் செய்தேன். அதையும் என் கையாலேயே செய்தேன்.